ரசீது காட்டினால்தான் ஓட்டா?

கேள்வி: என் தாத்தா 1937 தேர்தலில் ஓட்டுப் போட்டவர். "அப்போ படிச்சவன், வரி கட்டுறவனுக்குத்தான் ஓட்டு. அதனாலதான் சட்டசபை கண்ணியமா இருந்தது" என்பார். இன்றோ ஓட்டு விலை போகிறது. கட்சி தாவல் வேறு. பழையபடி தகுதி பார்த்து ஓட்டுரிமை கொடுத்தால் என்ன?
— பெயர் வெளியிட வேண்டாம் என்ற வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கொடுத்துப் பார்த்தாயிற்றே, சார்! அதுவும் இதே சென்னை மாகாணத்தில், 1920-லிருந்து கால் நூற்றாண்டுக்கு மேல்.

1920-ல் முதல் தேர்தல் நடந்தபோது, கஞ்சம் ஜில்லா தொடங்கி நம் திருநெல்வேலி வரை மாகாணத்தின் ஜனத்தொகை 4 கோடிக்கு மேல். ஓட்டு இருந்ததோ சுமார் 12.5 லட்சம் பேருக்கு. படிப்பை யார் பார்த்தார்கள்? சொத்தையும் வரியையும்தான் பார்த்தார்கள். தாமிரபரணிப் பாசனத்தில் இருபோகம் எடுத்த மிராசுதார் பட்டியலில் இருப்பார். அந்த வயலில் நாற்று நட்டவள் இருக்க மாட்டாள். அந்த ஆண்டு வரை கடையத்தில் குடியிருந்த பாரதி எந்தத் தீர்வை ரசீதைக் கொண்டுபோய் நீட்டியிருப்பார்?

சரி, அந்தத் தகுதி வாய்ந்தவர்களாவது திரண்டு வந்தார்களா? நாலு பேரில் ஒருவர்தான் வந்தார். காங்கிரஸ் புறக்கணித்தது ஒரு காரணம் என்று வைத்துக்கொள்வோம். பெண்களுக்கு அப்போது ஓட்டே கிடையாது. 1921-ல், மற்ற மாகாணங்களை முந்திக்கொண்டு, சென்னைச் சட்டசபை அவர்களுக்கும் ஓட்டுரிமை தந்தது. பெருமைதான். ஆனால் அங்கேயும் சொத்து இருக்க வேண்டும். தாத்தா ஓட்டுப் போட்டார், சரி, பாட்டி போட்டாரா? வீட்டில் விசாரியுங்கள்.

கண்ணியம் என்கிறீர்கள். கஜானாவும் போலீசும் கவர்னர் பக்கம். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்றவை மட்டும் மந்திரிகள் கையில். கண்ணியமாக இருப்பதற்கு அது ஒரு வசதி!

கட்சி தாவலுக்கு வருவோம். அது நேற்று முளைத்ததா? 1920 தேர்தலில் ஆட்சிக்கு வந்த நீதிக்கட்சியின் முதல் முதன்மந்திரி சுப்பராயலு ரெட்டியார் உடல்நலம் கெட்டு விலகிய பிறகு பனகல் ராஜா வந்தார். மந்திரிகள் மூவரும் தெலுங்கர்களாகிப்போனதில் கட்சியின் தமிழர்களுக்குக் கடுப்பு. 1923 தேர்தலுக்குப் பின் அந்தக் கடுப்பைத் தணிக்கத்தான் நம்மூர் டி.என். சிவஞானம் பிள்ளைக்கு ஒரு மந்திரி நாற்காலி கிடைத்தது. அப்படியும் அடங்கவில்லை. கட்சியிலிருந்து ஒரு கோஷ்டி பிரிந்துபோய், அந்த நவம்பரிலேயே பனகல் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. 44-க்கு 65 என்ற கணக்கில் பனகல் தப்பினார். பிரிந்துபோன கோஷ்டியின் தலைவர் யார் தெரியுமா? சி.ஆர். ரெட்டி. கேம்பிரிட்ஜில் படித்தவர், மைசூர் மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அவர் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பட்டம் வாங்கியவர் கட்சி மாற மாட்டார் என்று நீங்கள் சொல்வதால்தான் இதைச் சொல்கிறேன்.

1926 இன்னும் வேடிக்கை. அந்த வருஷத் தேர்தலில் அதிக இடம் பிடித்த, காங்கிரஸ்காரர்களின் சுயராஜ்யக் கட்சி மந்திரிசபை அமைக்க மாட்டேன் என்றது. கவர்னர் கோஷன் பிரபு, எந்தக் கட்சியையும் சேராத குமாரமங்கலம் ஜமீன்தார் சுப்பராயனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தாங்கிப் பிடித்தவர்களில் கவர்னரே நியமித்த உறுப்பினர்களும் உண்டு. பட்டியலில் இடம்பிடித்த அந்தச் சிலர் போட்ட ஓட்டுக்கும் அவ்வளவுதான் மரியாதை.

உங்கள் தாத்தா காலத்துக்குள் பட்டியலைக் கொஞ்சம் அகலமாக்கியிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கும் அதில் இடம் வந்தது. அதற்கே ஜமீன் அரசியல் ஆட்டம் கண்டுவிட்டது. மொத்தம் 215 இடங்களில் 159 காங்கிரஸுக்கு. முதன்மந்திரியாயிருந்த பொப்பிலி ராஜா தன் சொந்த பொப்பிலியிலேயே வி.வி. கிரியிடம் தோற்றார். காங்கிரஸின் மஞ்சள் பெட்டியில் தாத்தா போட்டிருந்தால் அதில் அவருக்கும் பங்கு உண்டு.

வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்று 1952-ல் முதல் பொதுத்தேர்தல் வந்தது. கைநாட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஆளுங்கட்சியான காங்கிரஸைச் சட்டசபையின் 375 இடங்களில் 152-ல் நிறுத்தினார்கள். முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். பிறகு ராஜாஜி முதலமைச்சரானது எப்படி? ஜனங்களிடம் போய் ஓட்டுக் கேட்கவில்லை. கவர்னர் நியமனத்தில் மேல்சபைக்குள் வந்தார். அந்தக் குறுக்குவழியை யோசித்தவர்கள் கைநாட்டுகளா?

வரி கட்டாதவர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? முக்கூடலில் பீடி சுற்றுகிற அக்கா சோப்பு வாங்கினாலும் ஜி.எஸ்.டி. கட்டுகிறாள். உடன்குடிப் பக்கம் பனையேறுகிறவர் செல்போனுக்கு ரீசார்ஜ் பண்ணினாலும் அப்படித்தான். வருமான வரி மட்டும்தான் வரி என்று யார் சொன்னது?

ஓட்டுக்குப் பணம் வாங்குவது தப்புதான். அதை இந்தப் பக்கத்திலேயே பலமுறை எழுதியாயிற்று. ஆனால் உங்கள் கடிதத்தில் கொடுக்கிறவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவனிடம் பட்டமும் இருக்கும், பான் கார்டும் இருக்கும். உங்கள் திட்டப்படி அவனுக்கு ஓட்டு உண்டு; வாங்குகிறவருக்குத்தான் கிடையாது.