ஆண்ட்ரூ ஜாக்சனும் முடியாத விவாகரத்தும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆண்ட்ரூ ஜாக்சன் அமெரிக்க ஜனாதிபதி ஆவதற்குப் பல வருடங்களுக்கு முன்பு நாஷ்வில்லில் அரசு வக்கீலாக இருந்தார், ரேச்சலின் முதல் கல்யாணம் விவாகரத்தில் முடியாமலேயே அவரோடு குடித்தனம் நடத்தினார் என்று போன கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நான் ஒரு வக்கீல் குமாஸ்தா. நேற்று கோட்டு போட்ட ஜூனியர்கூட டிக்ரி நகல் கைக்கு வராமல் கட்சிக்காரரை மறுமணத்துக்கு அனுப்ப மாட்டார். அரசு வக்கீலுக்கே இது தெரியாமல் போனது என்றால் நம்ப முடியவில்லை. பிள்ளை இல்லாத அவருடைய சொத்து பிறகு யாருக்குப் போனது?

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

நம்ப வேண்டாம். “தெரியாது” என்பது 1827-இல், அடுத்த வருடத் தேர்தலை மனதில் வைத்து, நாஷ்வில்லில் ஜாக்சனின் ஆதரவாளர் குழு பிரமாணப் பத்திரங்களைத் திரட்டித் தயாரித்த பதில்.

ரேச்சல் டோனல்சன் 1785-இல் கென்டக்கியின் ஹாரட்ஸ்பர்கில் லூயிஸ் ராபர்ட்ஸ் என்பவரை மணந்தார். புருஷன் சந்தேகப் பேர்வழி. சண்டை முற்றி நாஷ்வில்லில் விதவைத் தாயிடம் திரும்பினார். 1788 அக்டோபரில் 21 வயது ஜாக்சன் அந்த ஊருக்கு வந்து, அதே வீட்டில்தான் தங்கிச் சாப்பிட்டார்.

கென்டக்கி அன்று வர்ஜீனியாவின் பகுதி. அங்கே விவாகரத்து வழங்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் கிடையாது. சட்டமன்றத்துக்குத்தான் மனுப் போட வேண்டும். ராபர்ட்ஸ் போட்டார். 1790 டிசம்பர் 20-இல் சட்டமன்றம் கொடுத்தது விவாகரத்து அல்ல, வழக்குத் தொடுக்க அனுமதி. அதன்படி சம்மனை ‘கென்டக்கி கெசட்’ பத்திரிகையில் தொடர்ந்து எட்டு வாரம் வெளியிட வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் பிரதிவாதி ஆஜராகாவிட்டாலும் வழக்கு ஜூரி விசாரணைக்குப் போகும். மனைவி புருஷனை விட்டு ஓடிப்போனதும், அதற்குப் பிறகு வேறொருவனோடு சேர்ந்து வாழ்ந்ததும் நிரூபணமானால்தான் கல்யாணம் ரத்து. இரண்டில் ஒன்று குறைந்தாலும் ராபர்ட்ஸே புருஷன்.

அனுமதி வாங்கியவர் உடனே வழக்கை நடத்தவில்லை. மெர்சர் கவுண்டி ஜூரியின் தீர்ப்பு வந்தது 1793 செப்டம்பரில். ரேச்சல் ஆஜராகவேயில்லை. 1794 ஜனவரியில் ஜாக்சனும் ரேச்சலும் சத்தமில்லாமல் நாஷ்வில்லில் மணம் செய்துகொண்டார்கள்.

ஆதரவாளர்கள் சொன்ன கதைப்படி இது இரண்டாவது சடங்கு. சட்டமன்றமே விவாகரத்து கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டு 1791-இல் நாச்செஸில் முதலில் மணந்தார்களாம். நாச்செஸ் அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. கத்தோலிக்கப் பாதிரியார் நடத்தாத கல்யாணம் அங்கே செல்லாது. இந்தக் கல்யாணத்துக்கு எந்தப் பதிவும் அகப்படவில்லை. போதாததற்கு, 1791-இன் முற்பகுதியில் எழுதிய டோனல்சன் சொத்துப் பங்கீட்டு ஆவணங்களிலேயே அவர் ‘ரேச்சல் ஜாக்சன்’ ஆகிவிட்டார். மனைவியின் பங்கு புருஷன் கைக்குப் போகிற சட்டம் நடப்பிலிருந்த காலத்தில் அந்தப் பெயர் சும்மா எழுதப்பட்டதாக இருக்காது. 1790 டிசம்பர் சட்டத்தையே பாருங்கள். மனைவி வேறொருவனோடு போய்விட்டாள் என்ற குற்றச்சாட்டு அதற்குள் சட்டமன்றம் வரை எட்டியிருக்கிறது. கதையில் வரும் நாச்செஸ் கல்யாணமோ அதற்கு அடுத்த வருடம்.

ஜான் ஓவர்டன் என்று ஒரு நண்பர். அவரும் வக்கீல். கென்டக்கியில் ராபர்ட்ஸின் தாய் வீட்டிலும், பிறகு நாஷ்வில்லில் டோனல்சன் வீட்டிலும் தங்கியிருந்தவர். 1827 விளக்கத்தின் முக்கிய சாட்சியும் அவரே. சம்பந்தப்பட்ட இரண்டு வீட்டையும் அறிந்த ஒருவர், தொழில் தெரிந்த இன்னொருவர். இருவருமாகச் சேர்ந்து மூன்று வருடம் ஒரு நகல் வாங்கிப் பார்க்கவில்லை என்றால் தபால் தாமதத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

என் கணிப்பு இது: பகிரங்கமாகச் சேர்ந்து வாழ்ந்தால்தான் ராபர்ட்ஸின் வழக்கு நிற்கும். ரேச்சலுக்கு வேறு வழி இல்லை. அவர்களாகவே குற்றத்தை ஏற்படுத்திக் கொடுத்து விடுதலை வாங்கினார்கள். ஆய்வாளர்கள் சிலரும் இப்படிச் சொல்கிறார்கள். ஊரும் வாயைத் திறக்கவில்லை. ரேச்சலின் தகப்பனார் நாஷ்வில்லை நிறுவியவர்களில் ஒருவர். கூடப் பிறந்தவர்கள் பத்துப் பேர். தகப்பனை முகம் பார்க்காமல் பிறந்து, சுதந்திரப் போர்க் காலத்தில் தாயையும் இரண்டு அண்ணன்களையும் பறிகொடுத்த ஜாக்சனுக்கு அந்தக் குடும்பமே சொந்தம், அதுவே செல்வாக்கு. மைத்துனர்கள் ஒப்புக்கொண்ட கல்யாணத்தை அங்கே கேள்வி கேட்க ஆள் கிடையாது. கேள்வி வெளியூரிலிருந்துதான் வந்தது. சின்சினாட்டி பத்திரிகையாசிரியர் சார்லஸ் ஹாமண்ட் தேர்தல் நேரத்தில் பழைய கோர்ட்டுக் கட்டுகளைக் கிளறி அச்சில் ஏற்றினார். ஜாக்சன் ஜெயித்தார், பதவியேற்கும் முன்பே, 1828 டிசம்பர் 22-இல், ரேச்சல் இறந்தார். பிறகு மந்திரி ஈட்டனின் மனைவியை, நடத்தை சரியில்லை என்று சொல்லி, மற்ற மந்திரிகளின் மனைவிமார் ஒதுக்கிவைத்தபோது ஜாக்சன் அத்தனை மூர்க்கமாக அந்தப் பெண்ணின் பக்கம் நின்றதற்கு, ரேச்சலைப் பற்றி ஊர் பேசிய பேச்சின்மேல் இருந்த ஆத்திரமும் ஒரு காரணம். அந்தச் சண்டையில் 1831-இல் மந்திரிசபையே கலைந்தது.

ஜாக்சன் உண்மையிலேயே ஏமாந்த பத்திரம் வேறு. 1795-இல் பிலடெல்பியாவில் டேவிட் அலிசன் என்ற வியாபாரிக்கு நிலம் விற்று, பணத்துக்குப் பதில் புரோநோட்டுகள் வாங்கினார். அவற்றின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுத் தன் கடைக்குச் சரக்கு எடுத்தார். அலிசன் திவாலானார். நோட்டு வைத்திருந்தவர்கள் பின்பக்கம் கையெழுத்துப் போட்ட ஜாக்சனிடம்தான் வருவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடன் நெருக்கியதில் 1804-இல் ஹண்டர்ஸ் ஹில் பண்ணையை விற்றுவிட்டு, 425 ஏக்கர் ஹெர்மிடேஜ் பண்ணைக்கு வந்து மரவீட்டில் குடியேறினார். பிற்காலத்தில் வங்கிகளையும் காகிதப் பணத்தையும் அவர் வெறுத்ததன் வேர் இங்கேதான். அப்போது அவரிடம் ஒன்பது அடிமைகள். சாகும்போது சுமார் 150. ஹெர்மிடேஜின் பருத்தி வருமானம் அவர்கள் உழைப்பு.

சொத்துக்கு வருகிறேன். ரேச்சலின் சகோதரர் செவர்னுக்கு 1808-இல் பிறந்த இரட்டையரில் ஒரு பையனைத் தூக்கி வளர்த்து, ஆண்ட்ரூ ஜாக்சன் ஜூனியர் என்று பெயரிட்டார்கள். 1843 உயிலில் பண்ணை அவனுக்குத்தான். ஆனால் உயில் கடனில்தான் தொடங்குகிறது: நியூ ஆர்லியன்ஸ் நண்பருக்கு 6,000 டாலர், வாஷிங்டன் நண்பர்கள் பிளேர், ரைவ்ஸ் இருவருக்கும் 10,000 டாலர். அந்த 6,000, மிசிசிப்பிக் கரையில் ஜூனியர் வாங்கிய தோட்டத்தின் பாக்கியை அடைக்க அப்பா வாங்கியது. 1845-இல் ஜாக்சன் இறந்த பிறகும் ஜூனியரின் கடன் வளர்ந்தது. 1856-இல் ஹெர்மிடேஜ் வீட்டையும் 500 ஏக்கரையும் டென்னசி மாநில அரசுக்கு 48,000 டாலருக்கு விற்றார்.