இரவில் சாப்பிடாமலே காலையில் சர்க்கரை ஏறுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 58, எடை 64 கிலோ. பன்னிரண்டு ஆண்டுகளாக இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளது. மெட்ஃபார்மின் மாத்திரையுடன் இரவு 10 மணிக்குக் கிளார்ஜின் இன்சுலின் 18 யூனிட் போட்டுக்கொள்கிறேன். படுக்கும்போது 130 இருக்கும் சர்க்கரை காலை ஆறரைக்கு 190 ஆகிவிடுகிறது. வெறும் மோர் குடித்துவிட்டுப் படுத்த நாளிலும் இதே கதைதான். நானே 4 யூனிட் கூட்டிக்கொள்ளலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நாம் உண்ணாத நேரத்தில் உடலுக்கு வேண்டிய குளுக்கோஸைக் கல்லீரல்தான் இரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கிறது. விடியற்காலை 3 மணியிலிருந்து 8 மணிக்குள் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் முதலியவை கூடுதலாகச் சுரந்து இன்சுலினின் வேலையைத் தடுப்பதால், கல்லீரல் இன்னும் அதிகமாகக் குளுக்கோஸை விடுகிறது. நோயற்றவர்களின் கணையம் அந்நேரத்தில் சற்றுக் கூடுதல் இன்சுலினைச் சுரந்து இதை ஈடுகட்டிவிடும். உங்கள் கணையத்தால் அது முடிவதில்லை. ஆகவே, மோரோடு நிறுத்திக்கொண்ட இரவிலும் சர்க்கரை ஏறியது உங்கள் தவறன்று. அந்தப் பட்டினியும் வேண்டாம்.

ஆயினும், இதுதான் காரணம் என்று காலை அளவை மட்டும் வைத்து முடிவுகட்ட இயலாது. அடுத்தடுத்து நான்கு இரவுகள், படுக்கும்போதும் அதிகாலை 3 மணிக்கும் எழுந்தவுடனும் குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்து வையுங்கள். அலாரம் வைத்து எழுவது தொல்லைதான். ஆனால் அந்த 3 மணி அளவு இல்லாமல் உங்கள் மருத்துவரும் ஊகத்தின் பேரில்தான் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நேரிடும். மூன்று மணிக்கு 130 அளவிலேயே நின்று அதன்பின் ஏறினால், அது விடியற்கால ஏற்றம். படுத்ததிலிருந்தே சீராக ஏறிக்கொண்டு போனால், இன்சுலின் போதவில்லை, அல்லது நேரங்கழித்து உண்ட உணவு அப்போதுதான் செரிக்கிறது என்று பொருள். எழுபதுக்குக் கீழே இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அந்நிலையில் மருந்தைக் கூட்டுவது ஆபத்து.

இரவில் தாழ்ந்த சர்க்கரைதான் காலையில் எகிறுகிறது என்ற கருத்தை உயிர்வேதியியலாளர் மைக்கேல் சோமோஜி 1930களில் முன்வைத்தார். தொடர்ந்து அளக்கும் சென்சார்கள் வந்தபின், அது நினைத்த அளவுக்குப் பரவலானதன்று என்று தெரிந்திருக்கிறது. இருந்தாலும் தூக்கத்தில் சர்க்கரை தாழ்வது தன்னளவிலேயே கெடுதல் என்பதால் நான் அந்த 3 மணிச் சோதனையை வற்புறுத்துகிறேன்.

ஒரே தாவாக 4 யூனிட் கூட்டாதீர்கள். உங்கள் எடைக்கு 18 யூனிட் மிகையன்று. கூட்ட இடம் இருக்கிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை 2 யூனிட் வீதம் கூட்டி, காலை அளவை 80 முதல் 130க்குள் கொண்டுவருவது வழக்கமான முறை. அதையும் உங்கள் சிறுநீரகத்தின் நிலையை அறிந்த மருத்துவர் சொன்ன பிறகே தொடங்குங்கள்.

பயன்பாட்டில் உள்ள கிளார்ஜின் பேனாவை (பேனா வடிவ ஊசியை) 30 டிகிரிக்குக் குறைவான இடத்தில் வைத்து 28 நாளுக்குள் முடித்துவிட வேண்டும். உங்கள் ஊர்க் கோடையில் சமையலறை அலமாரி அதற்கு ஏற்ற இடமன்று. ஊசி போடும் இடத்தைத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்திக் கொழுப்பு திரண்டு தடித்திருந்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. அவ்விடத்தை விட்டு மாறும்போது அதே 18 யூனிட் முன்னிலும் வலுவாக வேலை செய்யக்கூடும் என்பதால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள். அந்த வாரம் 3 மணிச் சோதனையைத் தவறவிடாதீர்கள்.