நீல வண்டி நிற்கும் கோதுமை வயல்

கேள்வி: வின்சென்ட் வான் கோ தீட்டிய ‘அறுவடை’ ஓவியத்தின் அச்சுப் பிரதி எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டுள்ளது. தஞ்சையில் வளர்ந்த என் மாமியார் அதைப் பார்த்து, ஒரு புறம் அறுப்பு நடக்க, மறுபுறம் வைக்கோல் போர் போட்டு முடிந்திருக்கிறதே, எல்லாம் ஒரே நாளிலா என்று கேட்கிறார். அவர் ஐயம் சரியா? நடுவில் நிற்கும் வண்டி ஏன் நீலமாக இருக்கிறது?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: உங்கள் மாமியாருக்கு வயலறிந்த கண். பாதி அறுத்த வயல், வைக்கோல் போர், ஏணி, வண்டிகள், தொலைவில் கதிர் அறுப்பவர் என அறுவடையின் பல கட்டங்களை வான் கோ ஒரே சட்டத்துக்குள் வேண்டுமென்றே கொண்டுவந்தார். 1888 ஜூன் மாதம், தென் பிரான்சின் ஆர்ல் நகருக்கு வெளியே லா குரோ சமவெளியில், கொளுத்தும் வெயிலில் நின்று, ஒரு வாரத்துக்குச் சற்றே கூடுதலான காலத்தில் 10 ஓவியங்களையும் 5 கோட்டோவியங்களையும் அவர் முடித்தார். கடும் மழை வந்து அறுவடையே நின்றபோதுதான் ஓய்ந்தார். அதற்காக இதை அவசரத்தில் விளைந்த படம் என்று எண்ண வேண்டாம். இதே காட்சியை முதலில் தாளில் வரைந்து வண்ணமிட்டுப் பார்த்த பிறகே, ஏறத்தாழ 73 செ.மீ. உயரமும் 92 செ.மீ. அகலமும் உள்ள துணியில் தீட்டினார். இடமும் கற்பனையன்று: இடப்பக்கம் தொலைவில் தெரிவது மோன்மஜூர் மடாலயத்தின் இடிபாடு, பின்னால் நீளும் நீல மலைகள் ஆல்பீய் தொடர்.

மோனே போன்ற இம்ப்ரஷனிச ஓவியர்கள் ஒரு கணத்து ஒளியைப் பிடிக்க முயன்றார்கள் என்றால், வான் கோ இங்கே ஒரு பருவத்து உழைப்பையே சேர்த்துக் கட்டியிருக்கிறார். இத்தகைய போக்குக்குப் ‘பின் இம்ப்ரஷனிசம்’ என்ற பெயரை ஆங்கிலக் கலை விமர்சகர் ரோஜர் ஃபிரை 1910இல் லண்டன் கண்காட்சி ஒன்றுக்காகச் சூட்டியபோது, வான் கோ மறைந்து 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வண்டிக்கு வருவோம். நீலமும் ஆரஞ்சும் எதிர் நிறங்கள். அருகருகே வைத்தால் ஒன்றையொன்று தூண்டும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். ஆரஞ்சை நெருங்கும் அந்தக் கோதுமை மஞ்சளின் நடுவே, வானத்து நீலத்தில் ஒரு துளியை இறக்கி வைத்ததுபோல் வண்டி நிற்கிறது. உங்கள் பிரதியில் வண்டியை விரலால் மறைத்துப் பாருங்கள். வயலின் வெம்மை சட்டெனக் குறையும். தம் மற்றப் படங்களையெல்லாம் இது மங்கச் செய்துவிடுகிறது என்று தம்பி தியோவுக்கு அவர் எழுதியது மிகையாக எனக்குத் தோன்றவில்லை.

மூலப் படம் ஆம்ஸ்டர்டாமின் வான் கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்கள் பிரதியின்மீது நேர்வெயில் விழுந்தால் இடம் மாற்றுங்கள். மஞ்சள் அச்சு மை நம் ஊர் வெயிலில் விரைவாக வெளுத்துவிடும்.