“டாக்டரை இப்போது பார்க்க முடியாது” என்று சொன்ன பிறகு...

கேள்வி: ஒரு சமுதாய நல கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட்டாகச் சேர்ந்து அரை வருடம் ஆகப் போகிறது. கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் கூட்டம் நிற்கும். காதில் போன், எதிரே நான்கு பேர், பின்னால் நர்ஸ் ஃபைல் கேட்டுக்கொண்டிருப்பார். எல்லாருடைய கோபமும் என்மேல்தான். என்னிடம் கத்திவிட்டுப் போகிறவர்கள் டாக்டரிடம் அவ்வளவு தன்மையாகப் பேசுகிறார்கள். வீட்டிலோ ‘உட்கார்ந்து பேர் எழுதுகிற வேலைதானே’ என்கிறார்கள். போதாததற்கு, தெரிந்தவர் யாராவது கிளினிக்குக்கு வந்தால் ‘அவங்க எதுக்கு வந்தாங்க?’ என்று என்னிடம் விசாரணை. இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஆனால் சென்ற வாரம் ஒரு பெரியவர் அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் வந்தார். ‘நெஞ்சு கொஞ்சம் கனமா இருக்கும்மா’ என்றார். உட்காரச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனித்தேன். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த நர்ஸ், அவருக்கு வியர்த்துக் கொட்டுவதைப் பார்த்து உள்ளே அழைத்துப் போனார். ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. நான் மருத்துவம் படித்தவள் இல்லையே. இந்த வேலைக்கு நான் தகுதிதானா? விட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, அந்தப் பெரியவரிலிருந்தே தொடங்குகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அவர்தான். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

நீங்கள் மருத்துவம் படிக்கவில்லை. அதனால் அவருக்கு வந்திருப்பது மாரடைப்பா, வாயுத் தொல்லையா என்று முடிவு செய்யும் வேலை உங்களுடையது இல்லை. அப்படியானால், ‘இவர் காத்திருக்கலாம்’ என்று முடிவு செய்யும் வேலையும் உங்களுடையது இல்லைதானே? அவரை உட்காரச் சொன்னபோது உங்களை அறியாமலேயே ஒரு மருத்துவ முடிவை எடுத்துவிட்டீர்கள். அப்படி எடுக்கும் இடத்தில் உங்களை நிறுத்தியது கிளினிக்தான். எந்த வார்த்தை காதில் விழுந்தால் எழுந்து போய் யாரைக் கூப்பிட வேண்டும் என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சொல்லிக் கொடுக்காத ஒன்றுக்காக ராத்திரியில் விழித்துக் கிடக்காதீர்கள். பகலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

என்ன கேட்பது? ஒரே ஒரு தாள். டாக்டரும் தலைமை நர்ஸும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தாள், உங்கள் கண்ணுக்கு நேரே ஒட்டியிருக்க வேண்டும். நெஞ்சில் வலி, அழுத்தம், கனம். மூச்சுத் திணறல். வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை திடீரென்று வலுவிழத்தல், பேச்சுக் குழறல். இதுவரை வந்திராத அளவுக்குத் திடீர்த் தலைவலி. நிற்காத ரத்தப்போக்கு, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு. வலிப்பு. துவண்டுபோய்ப் பால் குடிக்காத கைக்குழந்தை. ஏதாவது சாப்பிட்ட பிறகோ ஊசி போட்ட பிறகோ உதடும் முகமும் வீங்குதல். ‘இனி உயிரோடு இருந்து என்ன’ என்ற பேச்சு. இவற்றில் ஒன்று காதில் விழுந்தாலோ கண்ணில் பட்டாலோ வரிசை, டோக்கன், அப்பாயின்ட்மென்ட் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிட வேண்டும். உங்கள் டாக்டர் இன்னும் சிலவற்றைச் சேர்க்கலாம். யாரைக் கூப்பிடுவது, அவர் இல்லாவிட்டால் யாரை, அவசரப் பெட்டியும் ஆக்ஸிஜனும் எங்கே இருக்கின்றன என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பக்கவாதம் ஒன்றே போதும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டால், சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது கணக்கு. அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். வீட்டில் தயங்கி, வழியில் தாமதமாகி உங்கள் முன்னால் வந்து நிற்கிறவருக்கு அதில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘கொஞ்சம்’ என்ற சொல்லை நம்பாதீர்கள். வயதானவர்கள், அதுவும் அடுத்தவருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று நினைத்தே வாழ்ந்தவர்கள், பெரிய வலியைக்கூட ‘லேசா இருக்கு’ என்றுதான் சொல்வார்கள். மாரடைப்பு எல்லாருக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற மாதிரி வருவதும் இல்லை. பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் தாடை வலியாக, முதுகு வலியாக, குமட்டலாக, காரணம் தெரியாத அசதியாக வரலாம். அதனால் வாய் சொல்வதைக் கேட்கும்போதே முகத்தையும் பாருங்கள். வியர்வை, வெளிறிய நிறம், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்குவது. இதற்குப் பட்டம் தேவையில்லை, கம்ப்யூட்டர் திரையிலிருந்து ஒரு நொடி தலையை நிமிர்த்தினால் போதும். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு ‘இதுக்கா கூப்பிட்டே?’ என்றால், ஆமாம், இதற்குத்தான். பத்து முறை வீணாகக் கூப்பிட்டாலும் பரவாயில்லை.

போனில் வந்தால் இன்னும் கவனம். நெஞ்சு வலி என்கிறவருக்கு நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் எழுதக்கூடாது. முதலில் அவர் எண்ணையும் இருக்கும் இடத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள், பேச்சு பாதியில் அறுந்தால் திரும்பக் கூப்பிட முடியும். பிறகு ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லிவிட்டு நர்ஸிடம் போனைக் கொடுங்கள். காய்ச்சலோடு உடம்பில் தடிப்பும் உள்ள குழந்தையை அழைத்து வந்தால், கூட்டத்தின் நடுவே உட்கார வைக்காமல் தனி அறைக்கு அனுப்பச் சொல்லி நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். தட்டம்மை வைரஸ், நோயாளி எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் இருக்கக்கூடியது.

சரி, இப்போது கத்துகிறவர்களிடம் வருவோம்.

டாக்டரிடம் தன்மையாகப் பேசுகிறார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். அவர்களுக்கு டாக்டர் தேவை, அவரைப் பகைத்துக்கொள்ளப் பயம். வலி, பயம், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த கவலை எல்லாவற்றையும் எங்காவது இறக்கி வைக்க வேண்டும். முதலில் எதிர்ப்படுவது நீங்கள். இதைத் தெரிந்துகொண்டால் வலி குறைந்துவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் காத்திருப்பதில் பிறக்கிறது, அந்தப் பாதியில் உங்களால் நிறையச் செய்ய முடியும். காத்திருப்பவர்களின் மனநிலையைப் பற்றி 1985-ல் டேவிட் மைஸ்டர் என்ற நிர்வாகவியலாளர் எழுதியது கிளினிக்குக்கென்றே எழுதியது போல இருக்கும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, காரணம் சொல்லப்படாத காத்திருப்பு, பயத்தோடு காத்திருப்பது, நியாயமில்லாத காத்திருப்பு, இவையெல்லாம் கடிகாரம் காட்டுவதைவிட நீளமாகத் தெரியும் என்றார். உங்கள் வரவேற்பறையில் இந்த நான்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன.

அதனால் ‘இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்’ என்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். ‘டாக்டர் ஓர் அவசர நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், 40 நிமிடம் தாமதமாகும், உங்களுக்கு முன்னால் ஆறு பேர்’ என்று சொல்லிப் பாருங்கள். யாராவது வந்து கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். பின்னால் வந்தவரை முன்னால் அனுப்ப நேர்ந்தால், அவருக்கு என்ன நோய் என்று சொல்லாமல், ‘நர்ஸ் பார்த்து முதலில் அழைக்கச் சொன்னார், உங்கள் வரிசை மாறவில்லை’ என்று சொல்லுங்கள். சொல்லாமல் அனுப்பினால், சிபாரிசில் போகிறார் என்றுதான் நினைப்பார்கள். நினைப்பதில் தப்பும் இல்லை.

இந்த வேலையில் ஒரு நாளைக்கு எத்தனை முறை ‘முடியாது’ என்று சொல்கிறீர்கள்! இன்றைக்கு இடம் இல்லை, ரிசல்ட் வரவில்லை, அந்த டாக்டர் வரவில்லை. அதைச் சொல்லாமல் இருக்க உங்களால் முடியாது. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். நான் பல வருடம் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவள், புதிதாக வந்தவர்களைப் பழக்கியவள். மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள் என்று அவர்களிடம் சொல்வேன். ‘டாக்டரை இப்போது பார்க்க முடியாது’ என்ற பிறகு, அந்த ஆள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லி முடியுங்கள். வியாழக்கிழமை 10 மணிக்கு இடம் இருக்கிறது, எழுதிக்கொள்ளட்டுமா? அதற்குள் அதிகமானால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். ரிசல்ட் மதியம் வரும், வந்ததும் நர்ஸ் உங்களைக் கூப்பிடுவார். கையில் அடுத்த அடி இருக்கிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை. கத்தினாலும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக மாட்டார். சமுதாய கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலருக்கு வேறு போக்கிடம் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் மொட்டையாக மறுத்து அனுப்பினால், நோய் முற்றிய பிறகுதான் திரும்பி வருவார்கள்.

படிவம் நீட்டும்போதும் ஒரு கவனம் வேண்டும். ‘கண்ணாடி கொண்டு வரலை’, ‘வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதித் தரேன்’ என்கிறவர்களில் சிலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ‘படிக்கத் தெரியுமா?’ என்று எல்லார் முன்னும் கேட்டுவிடாதீர்கள். ‘நான் கேட்கிறேன், நீங்கள் சொல்லுங்கள், நானே எழுதிக்கொள்கிறேன்’ என்றால் முடிந்தது. மொழி தெரியாத தாய்க்குக் கூட வந்த சின்னப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தெரியக் கூடாததை அந்தப் பிள்ளை தெரிந்துகொள்ளும், சொல்ல வேண்டியதை அம்மா சொல்லாமல் விடுவார்.

கோபம் வேறு, வசவு வேறு. கோபத்தைக் கேட்டுக்கொள்ளலாம். கெட்ட வார்த்தை, மிரட்டல், கையை ஓங்குவது வந்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள், மேலாளரைக் கூப்பிடுங்கள், நடந்ததைப் பதிவேட்டில் எழுதுங்கள். சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள நீங்கள் கடமைப்பட்டவர் இல்லை. உள்ளே ஒன்றிருக்க வெளியே இன்னொரு முகம் காட்டுவதும் உழைப்புதான் என்று, விமானப் பணிப்பெண்களைக் கவனித்து 1983-லேயே எழுதினார் ஆர்லி ஹோச்சைல்ட் என்ற சமூகவியலாளர். மூட்டை தூக்குகிறவருக்கு ஓய்வு வேண்டும் என்றால் உங்களுக்கும் வேண்டும். ஒரு மோசமான சண்டைக்குப் பிறகு ஐந்து நிமிடம் யாராவது உங்கள் இடத்தில் உட்கார வேண்டும் என்று கேளுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை.

தெரிந்தவர்கள் விசாரிப்பது பற்றி அதிகம் யோசிக்க ஒன்றும் இல்லை, இதில் விட்டுக்கொடுக்கவும் இடமில்லை. எதற்கு வந்தார் என்பது மட்டும் ரகசியம் என்று நினைக்காதீர்கள், வந்தார் என்பதே ரகசியம். ‘என் மனைவி இன்றைக்கு அங்கே வந்தாளா?’ என்று கணவரே போனில் கேட்டாலும் ‘வந்தார்’ என்றும் சொல்லக்கூடாது, ‘வரவில்லை’ என்றும் சொல்லக்கூடாது. ‘யாரைப் பற்றிக் கேட்டாலும் நாங்கள் சொல்வதில்லை’ என்பது மட்டுமே பதில். அடி வாங்கிவிட்டு யாருக்கும் தெரியாமல் வந்த பெண்ணாகவும் அவர் இருக்கலாம். சிகிச்சையின்போது கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்பது பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸ் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ உறுதிமொழியிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டாரிடமும் அதே பதிலைச் சொல்லுங்கள், சிரித்தபடியே சொல்லலாம். சில தடவை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

கவுன்ட்டரிலும் இதைக் காப்பாற்ற வேண்டும். ‘எதுக்கு வந்திருக்கீங்க?’ என்று அறை முழுக்கக் கேட்கும்படி கேட்காதீர்கள். சொல்லத் தயங்குகிறவரிடம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டலாம், அல்லது ‘நர்ஸிடம் தனியாகச் சொல்கிறீர்களா?’ என்று கேட்கலாம். திரை அடுத்தவர் கண்ணில் படாதபடி திருப்பி வையுங்கள். ஆளை உறுதி செய்யும்போது ‘நீங்கள் இன்னார்தானே?’ என்று கேட்டால், காது சரியாகக் கேட்காதவர்கூடத் தலையாட்டிவிடுவார். பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்கும் இடத்தில் ஒருவருடைய மருந்து இன்னொருவருக்குப் போகாமல் தடுப்பது இந்த ஒரு பழக்கம்தான்.

‘பேர் எழுதுகிற வேலை’ என்கிறவர்களுக்கு ஒரு தகவல். பிரிட்டனில் பொது மருத்துவர்களின் கிளினிக்குகளில் ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் கூடவே இருந்து, தொடர் மருந்துச் சீட்டுகள் எப்படித் தயாராகின்றன என்று பார்த்தார்கள். 2011-ல் வெளியான அந்த ஆய்வு சொன்னது, கணினியும் விதிமுறையும் விட்டுவிடும் இடைவெளிகளைத் தங்கள் அனுபவத்தால் அடைத்து நோயாளிகளின் பாதுகாப்பைக் காப்பவர்களில் ரிசப்ஷனிஸ்ட்டுகளும் உண்டு, அந்த உழைப்பு யார் கண்ணிலும் படுவதில்லை என்பதைத்தான். வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் ஏற்றுக்கொள்ளாவிட்டாலும் நீங்கள் நம்புங்கள்.

வேலையை விடலாமா? அந்தப் பெரியவருக்காக என்றால் வேண்டாம். அவரை நினைத்து இன்னும் தூங்க முடியாமல் இருக்கிற ஒருவர் அந்த நாற்காலியில் இருப்பதைத்தான் நான் விரும்புவேன். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் நீங்களே ஒரு டாக்டரைப் பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள். கிளினிக்கில் அந்தத் தாளைக் கேளுங்கள், வாய்மொழியாகக் கேட்டு நடக்கவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள். நடந்த சம்பவத்தை, யாரையும் குற்றம் சொல்லாமல், நேரத்தோடு விவரித்து எழுதினாலே போதும். பொறுப்பான கிளினிக் என்றால் அதை வைத்து ஒரு கூட்டம் போடுவார்கள், உங்களுக்குப் பயிற்சியும் தருவார்கள். அதற்குப் பிறகும் ‘உனக்கு எதுக்கு இதெல்லாம், பேரை மட்டும் எழுது’ என்று பதில் வந்தால் வேறு கிளினிக் தேடுங்கள். அங்கே நேர்காணலில் உங்களிடம் கேட்கச் சொல்லும்போது, சம்பளத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: ‘ஒருவரைப் பார்த்ததும் எனக்குப் பயமாக இருந்தால், நான் யாரைக் கூப்பிட வேண்டும்?’