கடைக்கு வெளியே நிற்கச் சொன்னது பற்றிக் கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். வன்னியில் காலை இழந்த உங்கள் கணவர் வெளியே போவதென்றால் சக்கர நாற்காலியில்தான் போகிறார். ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில் உங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள தமிழ்ப் பலசரக்குக் கடையின் வாசலில் ஒரு படி இருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே போனாலும் அரிசி மூட்டைகளும் பெட்டிகளும் பாதையை அடைத்துக் கிடக்கின்றன. உதவி கேட்டபோது, "அவர் வெளியில நிக்கட்டும், நீங்கள் சாமானை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று கல்லாவில் இருந்தவர் சொல்லிவிட்டார். இதற்குச் சட்டப்படி முறையிடலாமா, அகதிக் கோரிக்கை முடியாத நேரத்தில் முறையிட்டால் அதற்கு ஏதும் வருமா, எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருந்தீர்கள்.

முறையிடலாம். கட்டணம் இல்லை. கோரிக்கையை நினைத்துப் பயப்படவும் வேண்டாம். ஆனாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் நாளைக்கே படிவம் நிரப்பமாட்டேன். முதலில் கடைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதுவேன். காரணம் பிறகு வருகிறது.

கனடாவில் வங்கி, விமானம் போன்றவை மத்திய அரசின் சட்டத்துக்குள் வரும். பலசரக்குக் கடை மாகாணச் சட்டத்துக்குள் வரும். புதிதாக வந்தவர்கள் பலர் ஒட்டாவாவில் உள்ள மத்திய மனித உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள், அது இடம் மாறிய கடிதம். உங்களுக்கு வேண்டியது 1962இல் வந்த ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டக்கோவை. பொருள், சேவை, வசதி இவற்றைப் பெறுவதில் "ஒவ்வொருவருக்கும்" சம உரிமை என்பதுதான் அதன் முதல் பிரிவு. குடியுரிமை உள்ளவருக்கு என்றோ நிரந்தர வதிவிட உரிமை (பி.ஆர்.) உள்ளவருக்கு என்றோ அதில் இல்லை. மாற்றுத்திறன் என்பதற்கு அது தரும் விளக்கத்தில் சக்கர நாற்காலியை நம்பி இருப்பதும் வருகிறது. அவரோடு வந்ததற்காக உங்களை வேறுமாதிரி நடத்தினால் அதற்கும் ஒரு பிரிவு உண்டு. முறையிட்டதற்காகப் பழிவாங்கினால் அது தனிக் குற்றச்சாட்டு. அகதிக் கோரிக்கையை விசாரிப்பது வேறு சபை, கடை மீது முறையிடுவது எந்தக் குற்றப் பதிவும் அல்ல. மனச்சமாதானத்துக்கு உங்கள் குடிவரவுச் சட்டத்தரணியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைக்காரர் என்ன சொல்வார் என்று எனக்கு இப்போதே தெரியும். "பழைய கட்டடம், நாங்கள் வாடகைக்கு இருக்கிறம், கட்டட விதிப்படிதான் எல்லாம்." கட்டட விதியைக் காட்டி மனித உரிமைச் சட்டத்தில் இருந்து தப்ப முடியாது, இதுதான் மேலே நிற்கிற சட்டம். வசதி செய்து கொடுப்பது தாங்க முடியாத சிரமம் என்று கடைதான் நிரூபிக்க வேண்டும். அதற்குச் சட்டம் பார்ப்பது மூன்றே விஷயங்கள்: செலவு, வெளியில் இருந்து கிடைக்கக்கூடிய பண உதவி, உடல்நலமும் பாதுகாப்பும். 'மற்ற வாடிக்கையாளர்களுக்கு இடைஞ்சல்' அந்தப் பட்டியலில் இல்லை. அரிசி மூட்டையைத் தள்ளி வைக்க ஒரு சதமும் போகாது. ஒற்றைப் படிக்குப் பலகையில் செய்த ராம்ப், அதாவது சாய்தளம், போதும். ரொறன்ரோவில் கடை வாசல்களில் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பளிச்சென்ற நிறத்தில் சின்ன ராம்புகள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், பல ஸ்டாப்கேப் என்ற தொண்டு அமைப்பு செய்தவை. அவை கண்ணெதிரே கிடக்கும்போது செலவு தாங்காது என்ற பேச்சு எடுபடுவது கஷ்டம்.

சாமானை வெளியே கொண்டுவந்து தருகிறோம் என்பதை ராம்ப் வரும் வரைக்கும் ஏற்கலாம், அதுவே முடிவு என்றால் ஏற்க வேண்டியதில்லை. முருங்கைக்காயை முறித்துப் பார்த்து வாங்குகிற மனிதரை ஜனவரிக் குளிரில் வாகனத் தரிப்பிடத்தில் நிற்கவைப்பது சம உரிமை ஆகாது.

இனிக் கடிதத்துக்கு வருகிறேன். 2021 மார்ச்சில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மனித உரிமைத் தீர்ப்பாயம் ஒரு முறைப்பாட்டைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட்டது. கொரோனாக் காலத்தில் மாஸ்க் இல்லாமல் பலசரக்குக் கடைக்குப் போன ஒருவரைப் பாதுகாவலர் தடுத்திருக்கிறார். தனக்கு விலக்கு உண்டு என்றாராம், ஏன் என்று சொல்ல மறுத்துவிட்டார். முறைப்பாட்டிலும் மூச்சு விடக் கஷ்டம், பதற்றம் வருகிறது என்பதோடு நிறுத்திக்கொண்டார். என்ன உடல்நிலை, மாஸ்க்கோடு அதற்கு என்ன தொடர்பு என்று தீர்ப்பாயம் கேட்டும் அவர் விவரம் தரவில்லை. அப்போது இப்படியான முறைப்பாடுகள் குவிந்ததால், எல்லோரும் அறியட்டும் என்று இரு தரப்பின் பெயரையும் மறைத்து அந்த முடிவை வெளியிட்டார்கள். அது வேறு மாகாணம்தான், ஆனால் இங்கேயும் அதே கேள்விதான் வரும்: இன்ன உடல்நிலை, அதனால் இன்ன வசதி வேண்டும் என்று கடைக்குத் தெரிந்ததா? உங்கள் கணவருடைய நிலை பார்த்தாலே தெரியும், ஆனால் என்ன செய்து தரவேண்டும் என்று நீங்கள் கேட்டதற்கு ஓர் எழுத்தும் இல்லை.

ஆகவே சின்ன ஈமெயில் ஒன்று போதும். எந்தத் திகதி, எத்தனை மணி, யார் என்ன சொன்னார், அவரால் ஏன் உள்ளே வர முடியவில்லை, வேண்டியது ஒரு ராம்பும் தடையில்லாத ஒரு பாதையும், இரண்டு கிழமைக்குள் பதில் சொல்லுங்கள். திட்டி எழுதாதீர்கள். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, ஆங்கிலப் பிரதி ஒன்றும் வைத்திருங்கள். கடை பிளாசாவுக்குள் இருந்தால் அந்தப் படி கட்டடச் சொந்தக்காரருடையதாக இருக்கலாம். அவருக்கும் ஒரு பிரதி போகட்டும். பின்னால் முறையிட நேர்ந்தால் இரண்டு பேரையும் எதிர்த்தரப்பில் போடலாம். என் மாமியார் வாக்கரோடு போகிற ஒரு பெரிய கடையில் அகலமான கல்லாப் பாதையை எப்போதும் சங்கிலி போட்டு மூடி வைத்திருந்தார்கள். வாயால் சொல்லிக் களைத்தோம். மேலாளருக்கு எழுதியபிறகு திறந்தார்கள்.

பதில் வராவிட்டால் ஒன்ராறியோ மனித உரிமைகள் தீர்ப்பாயம். 2008இல் இருந்து நேரடியாக அங்கேயே விண்ணப்பிக்கலாம், ஒன்ராறியோவின் மனித உரிமை ஆணைக்குழு வழியாகப் போகத் தேவையில்லை. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். இதை மட்டும் மறக்காதீர்கள், கடையோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதற்காக அந்தக் கணக்கு நிற்காது. தோற்றாலும் எதிர்த்தரப்பின் சட்டச் செலவைக் கட்டு என்று தீர்ப்பாயம் உத்தரவிடுவதில்லை. மனித உரிமைகள் சட்ட ஆதரவு நிலையம் என்று ஒன்று இருக்கிறது, ஆலோசனை இலவசம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். தெற்காசியர்களுக்கான சட்ட உதவி நிலையமான சால்கோவையும் கேட்டுப் பார்க்கலாம்.

வேகத்தை எதிர்பார்க்காதீர்கள், வருடக்கணக்கில் இழுபடும். பல வழக்குகள் சமரசப் பேச்சிலேயே முடிகின்றன. மனம் நொந்ததற்கு இழப்பீடு கிடைக்கலாம், அதை லொத்தர்ச் சீட்டாக நினைக்கவேண்டாம். ராம்ப் போடு, ஊழியருக்குப் பயிற்சி கொடு என்கிற உத்தரவுதான் உங்களுக்கு உண்மையில் பயன்படும். இன்னொன்று, விசாரணை வரை போனால் தீர்ப்பு பொதுவாகப் பெயரோடு இணையத்தில் வரும். சமரசத்தில் முடிந்தால் வராது.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஒன்ராறியோவின் 2005ஆம் ஆண்டு அணுகல் சட்டத்தையும் யாராவது சொல்வார்கள். 2025 தொடக்கத்துக்குள் மாகாணம் முழுதும் தடையில்லாமல் இருக்கவேண்டும் என்று எழுதி வைத்தார்கள். உங்கள் கடை வாசலைப் பார்த்தாலே அது எந்த அளவில் நிற்கிறது என்று தெரியும். அதில் கடைக்குத் தண்டம் விதிக்கலாம், உங்கள் கணவருக்கு இழப்பீடு வராது.

"எங்கட ஆக்களின்ர கடை, காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்" என்று உங்கள் மாமா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எங்கட ஆக்களில்தானே போரில் கால் போனவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் எந்தக் கடைக்குப் போவது? வேறு எந்தக் கடைக்காரரையும்விட இவருக்கு இது சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் மைத்துனர் எடுத்த வீடியோவைக் கடைப் பெயரோடு முகநூலில் போடலாமா என்றும் கேட்டீர்கள். இப்போது வேண்டாம். ஆத்திரத்தில் கூடுதலாக ஒரு வசனம் எழுதிவிட்டால் அவதூறு என்று அவர்கள் திரும்புவார்கள், சமரசப் பேச்சும் அதோடு கெட்டுவிடும். திகதி தெரிகிற மாதிரி அதை அழியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், வேறொரு போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.