கேட்டால்தான் தெரியும் எண்

அன்புள்ள ஐயா,

பொருளியல் முதுகலை படிக்கிறேன். ரிசர்வ் வங்கி நகர வீடுகளில் எடுக்கும் பணவீக்க எதிர்பார்ப்புக் கணக்கெடுப்பை வைத்து ஆய்வேடு எழுத ஆசை. ஆனால் 2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம்தான். விலைகள் எவ்வளவு ஏறுகின்றன என்று அந்தக் கணக்கெடுப்பில் மக்கள் சொன்னதோ அதைவிடப் பல மடங்கு. இவ்வளவு தப்பான பதில்களை வைத்து என்ன ஆராய்வாய் என்கிறார் என் நெறியாளர்.

க.

அன்புள்ள க.,

அந்தத் தப்பைத்தான் ஆராய வேண்டும். நகை எடுப்பதா, கடன் வாங்குவதா, சம்பள உயர்வு கேட்பதா என்று முடிவெடுக்கும் குடும்பம் அரசின் விலைக் குறியீட்டைப் பார்ப்பதில்லை. தன் மனத்தில் உள்ள கணக்கைத்தான் நம்புகிறது. அது கேட்காமல் தெரியாது.

நீங்கள் சொன்ன அக்டோபரையே எடுத்துக்கொள்ளுங்கள். உணவுப் பொருள் விலைகள் ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிடச் சுமார் 5 சதவீதம் குறைந்திருந்த மாதம் அது. அப்படியும் மக்களின் கணிப்பு அந்த அளவுக்கு இறங்கவில்லை. மளிகை விலைகளை அமெரிக்க வீடுகளின் பதில்களோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு, அடிக்கடி வாங்கும் பொருளின் விலையே எதிர்பார்ப்பை அதிகம் அசைக்கிறது, அதிலும் இறக்கத்தைவிட ஏற்றமே ஆழமாகப் பதிகிறது என்று கண்டது. நம் நகரங்களிலும் அப்படித்தானா? எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

வயதையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1940களிலிருந்து எடுத்துவரும் நுகர்வோர் கணக்கெடுப்பைப் பொருளியலாளர்கள் உல்ரிக்கே மால்மெண்டியரும் ஸ்டெஃபான் நாகலும் 2016இல் வெளியான கட்டுரையில் அலசினார்கள். 1970களின் விலையேற்றத்துக்குப் பிறகு, முதியவர்களைவிட இளையவர்களே அதிகப் பணவீக்கத்தை எதிர்பார்த்தார்கள். இளையவர்கள் அதுவரை கண்டதெல்லாம் ஏற்றம். முதியவர்களுக்கு அமைதியான ஆண்டுகளும் நினைவில் இருந்தன. ஒரே செய்தியைக் கேட்டவர்கள்தான், ஆனால் வாழ்ந்த காலம் வேறு. பதில்களை நேரில் கேட்டு வாங்கியிராவிட்டால் இதை யாரும் கண்டிருக்க முடியாது.

நெறியாளரின் தயக்கத்துக்கும் வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் கணக்கெடுப்பு இப்போதைய விலையேற்றம் எவ்வளவு என்றும் கேட்கிறது, ஓராண்டு கழித்து எவ்வளவு இருக்கும் என்றும் கேட்கிறது. எப்போதும் கூட்டிச் சொல்பவர் இரண்டிலும் கூட்டித்தான் சொல்வார். ஆகவே ஒவ்வொருவரின் இரு பதில்களுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். அந்த மிகையில் பெரும்பகுதி கழிந்துவிடும். சராசரியோடு நிற்காமல் பதில்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்றும் பாருங்கள். முதலில் சென்னையை மட்டும் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.