வாசகர் கேள்விகள்: டிஸ்ட்ரிக்ட் நர்ஸ் சிறப்புப் படிப்பும் களப் பயிற்சியும்

கேள்வி: பிரிட்டனில் வார்டு வேலையிலிருந்து கம்யூனிட்டி நர்ஸிங்குக்கு மாறி, இப்போது டிஸ்ட்ரிக்ட் நர்ஸுக்கான (வீடு தேடிச் சென்று கவனிக்கும் நர்ஸ்) எஸ்.பி.கியூ. என்ற சிறப்புத் தகுதிப் படிப்பைப் படிக்கிறேன். பிராக்டிஸ் சூப்பர்வைசர், பிராக்டிஸ் அசெஸர் என்று இருவரைச் சொல்கிறார்கள். யார் எதற்கு?

பதில்: முன்பிருந்த மென்டர் முறைக்குப் பதிலாக, நர்ஸ்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் அமைப்பான என்.எம்.சி. 2018-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. சூப்பர்வைசர் உங்களோடு வீடுவீடாக வந்து கற்றுத்தருவார், பார்த்ததை எழுதிவைப்பார். அந்தக் குறிப்புகளையும், தானே நேரில் கண்டதையும் வைத்துத் தேறினீர்களா இல்லையா என்று முடிவு செய்பவர் அசெஸர். பல்கலைக்கழகத்தின் அகாடமிக் அசெஸரும் அதில் சேர்ந்துகொள்வார். விதிவிலக்கான சூழ்நிலை தவிர, ஒரே மாணவருக்கு ஒருவரே சூப்பர்வைசரும் அசெஸருமாக இருக்கக் கூடாது.

சிக்கல் பெரும்பாலும் குறிப்புகளில்தான் வரும். மூன்று மாதம் கழித்து மொத்தமாக எழுதும்போது 'நன்றாகச் செய்தார்' என்பதற்கு மேல் யாருக்கும் நினைவிருக்காது. அதை வைத்து அசெஸரால் ஒன்றும் செய்ய முடியாது. பார்த்த அன்றே நாலு வரி எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: கால் புண் நோயாளிக்கு டாப்ளர் (ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்கவைக்கும் கருவி) வைத்து ஏ.பி.பி.ஐ., அதாவது கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்த எண், எடுக்கிறேன். சூப்பர்வைசருக்கு 0.87 வருகிறது, எனக்கு 1.02. எங்கே தவறு?

பதில்: முதலில் கணக்கைச் சரிபாருங்கள். இரு கைகளிலும் அழுத்தம் எடுத்து, அவற்றில் எது அதிகமோ அதுதான் வகுக்கும் எண். ஒவ்வொரு காலிலும் பாதத்தின் மேற்புறத் தமனி, உள் கணுக்காலுக்குப் பின்னுள்ள தமனி இரண்டையும் அளந்து, அதிகமானதை எடுக்க வேண்டும். கைகள் 136, 142. கால் 118, 124 என்றால் 124-ஐ 142-ஆல் வகுக்க 0.87. கையிலும் டாப்ளர்தான் வைக்க வேண்டும், தானியங்கி பி.பி. மெஷினில் கை அளவை எடுத்துவிட்டு வகுப்பவர்கள் நிறையப் பேர்.

கணக்கு சரி, ஆனாலும் எண் கூடுகிறது என்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, கஃப் (காற்றை ஊதி இறுக்கும் பட்டை) அந்தக் காலுக்குச் சிறியது. இன்னொன்று, நோயாளி சாய்வு நாற்காலியில் இருந்தார். கால் இதயத்தைவிடத் தாழ்ந்திருந்தால் கணுக்கால் அழுத்தம் பொய்யாக ஏறும். 10 முதல் 20 நிமிடம் தட்டையாகப் படுக்கவைத்த பிறகே தொடங்குங்கள். மூச்சுத்திணறலால் படுக்க முடியாதவர் என்றால், எந்த நிலையில் எடுத்தீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

எண் குறைவதற்கும் காரணங்கள் உண்டு. காற்றை வேகமாக இறக்கினால் சத்தம் திரும்பும் புள்ளி தவறிவிடும். வினாடிக்கு சுமார் 2 மி.மீ. பாதரசம் போதும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப கஃபை ஊதினாலும் எண் இறங்கும். டாப்ளரின் முனையான புரோபை 45 முதல் 60 டிகிரி சாய்வில், அழுத்தாமல் பிடியுங்கள். பாதத்தில் அழுத்திப் பிடித்தால் தமனியே அடைபட்டுச் சத்தம் நின்றுபோகும். புதியவர்கள் அதைக் கேட்டு 'நாடி இல்லை' என்று எழுதிவிடுவார்கள்.

0.8 முதல் 1.3 வரை என்றால், மற்றப் பரிசோதனையும் ஒத்துவந்தால், முழு கம்ப்ரெஷன் (காலை இறுக்கிச் சுற்றும் கட்டு) கட்டலாம். 0.5-க்குக் கீழே அவசரமாக ரத்தக்குழாய் நிபுணரிடம் அனுப்ப வேண்டும், கம்ப்ரெஷன் கூடாது. 0.5-க்கும் 0.8-க்கும் இடைப்பட்டதற்கு நிபுணர் சொல்லாமல் கம்ப்ரெஷன் கட்டாதீர்கள். 1.3-க்கு மேல் போனால் நல்ல செய்தி என்று நினைத்துவிடக் கூடாது. சர்க்கரை நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குத் தமனிச் சுவர் சுண்ணாம்பேறி இறுகி, கஃபுக்கு அடங்காமல் அப்படிக் காட்டும். சொல்லப்போனால், எண்ணைவிடச் சத்தத்தைக் கேட்கப் பழகுவதே முக்கியம்: இரண்டு மூன்று ஒலிகளாகத் துடிப்பது ஒன்று, ஒற்றை ஒலியாக மந்தமாக இழுப்பது வேறு. சூப்பர்வைசர் பக்கத்தில் இருக்கும்போதுதான் அதைக் கற்க முடியும்.

கேள்வி: ஆள் பற்றாக்குறை என்று பயிற்சி நாளிலும் முழு விசிட் பட்டியலைக் கையில் கொடுக்கிறார்கள்.

பதில்: படிப்புக் காலத்தில் கற்பதற்கென ஒதுக்கிப் பாதுகாக்கப்பட்ட நேரம் மாணவருக்கு உண்டு. பறிபோன நாட்களைத் தேதியோடு குறித்து, முதலில் அசெஸரிடமும் பிறகு அகாடமிக் அசெஸரிடமும் மின்னஞ்சலில் சொல்லுங்கள். வாய்மொழிப் புகார் நிற்காது.

கேள்வி: இன்சுலின் ஊசியை உதவியாளரிடம் ஒப்படைக்கும் முடிவுக்கு அசெஸர் கையெழுத்திட மறுக்கிறார். ஊசி போடும் முறையை நான் சரியாகத்தான் கற்றுக்கொடுத்தேன்.

பதில்: அவர் பார்ப்பது ஊசியை அல்ல, உங்கள் முடிவை. யாரிடம், எதை ஒப்படைத்தீர்கள் என்பதற்கு என்.எம்.சி. நடத்தை விதிப்படி நீங்களே பதில் சொல்ல வேண்டும். இந்த நோயாளியின் சர்க்கரை நிலையாக இருக்கிறதா? அவர் சம்மதித்தாரா? சம்மதிக்கும் நிலையில் இல்லையென்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டப்படி மதிப்பிட்டீர்களா? உதவியாளருக்குக் கொடுத்த பயிற்சி இந்த ஒரு நோயாளிக்கு மட்டும் என்று எழுதினீர்களா? சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஊசி போடாமல், முதலில் தாழ்சர்க்கரைக்குச் சிகிச்சை கொடுத்து, உடனே நர்ஸை அழைக்க வேண்டும் என்று பராமரிப்புத் திட்டத்தில் இருக்கிறதா? மேல் எல்லை எது? மறுமதிப்பீடு என்றைக்கு? 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லும் உரிமை உதவியாளருக்கு இருப்பதையும் சொன்னீர்களா? இவற்றுக்குப் பதில் எழுதிக் கொண்டுபோங்கள், கையெழுத்து கிடைக்கும்.

கேள்வி: படிப்பு முடிந்ததும் இந்தத் தகுதியை என்.எம்.சி. பதிவேட்டில் எப்போதுக்குள் சேர்க்க வேண்டும்?

பதில்: முடித்த 5 ஆண்டுக்குள். தவறினால் கூடுதலாகப் படித்துப் பயிற்சி எடுக்க நேரிடும்.